கொறங்காடா, கொட்டிலா? ஒரு மேச்சேரிக் குட்டியின் தீனிக் கணக்கு

மூலனூர், தாராபுரம் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்கள் இருவர் டீக்கடையில் உட்கார்ந்தால், மழையைப் பற்றிப் பேசி முடித்த கையோடு அடுத்த பேச்சு இதுவாகத்தான் இருக்கும்: கொறங்காட்டில் விட்டு வளர்ப்பது நல்லதா, கொட்டிலில் அடைத்துத் தீனி போடுவது நல்லதா? இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். அப்பா விட்டுப்போன கொறங்காட்டில் தொடங்கி, ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதை நம்பித் தகரக் கொட்டில் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, இப்போது பகலில் காடும் மாலையில் கைத்தீனியுமாக நடத்திவருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தின் மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். காட்டை இரண்டு மூன்று துண்டாகத் தடுத்து, ஒன்று மேய்ந்து முடிந்ததும் அடுத்ததில் விடுவார்கள். படலைச் சாத்திவிட்டால் ஆடு மேய்க்கத் தனி ஆள் வேண்டாம். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் வரப்போகிறது.

நான் வைத்திருப்பது மேச்சேரி. கம்பளி கிடையாது, வெளிர் பழுப்பு முடி, கறிக்கும் தோலுக்கும் பேர் போன இனம். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வறட்சியைத் தாங்கும், பொறுக்கித் தின்னும். ஆனால் அடைத்துப் போட்டால் பிராய்லர் கோழியைப் போலக் கிடுகிடுவென்று வளரும் இனமல்ல. கொட்டில் கட்சிக்காரர்கள் மறந்துபோகும் இடம் இதுதான்.

கணக்குக்கு வருவோம். 12 கிலோ கிடாய்க் குட்டியை 22 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் மேய்ச்சலில் என் தராசு காட்டியது நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். ஆக 200 நாள். மேய்ச்சலோடு மாலையில் 150 கிராம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீனி) வைத்தால் 75 கிராம் ஏறுகிறது, 133 நாள். கொட்டிலில் 300 கிராம் அடர்தீவனம், ஒன்றரைக் கிலோ பசுந்தீவனம், 150 கிராம் கடலைக்கொடி கொடுத்தபோது 100 கிராம் வரை ஏறியது, 100 நாள். ஆண்டுக்கு ஆண்டு, குட்டிக்குக் குட்டி இது மாறும். ஆனாலும் இந்த ஏணிப்படி அமைப்பு பெரிதாக மாறுவதில்லை.

100 நாளா 200 நாளா என்று கேட்டால் கொட்டில்தான் வெல்லும். பயிற்சி வகுப்பில் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் பிறகு கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: ஒவ்வொரு படி ஏறுவதற்கும் எவ்வளவு செலவு?

அடர்தீவனம் கிலோ 30 ரூபாய், பசுந்தீவனம் 2 ரூபாய், கொடி 8 ரூபாய், ஆட்டின் உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படி: 150 கிராம் அடர்தீவனத்துக்கு நான்கரை ரூபாய். அதனால் கூடுதலாக வந்தது 25 கிராம், அதாவது 10 ரூபாய். போட்டது இரண்டு மடங்குக்கு மேலாகத் திரும்புகிறது. இரண்டாவது படி, மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் கொட்டிலுக்குப் போவது: இன்னொரு 150 கிராம் அடர்தீவனத்துக்கு நான்கரை, பசுந்தீவனத்துக்கு மூன்று, கொடிக்கு ஒன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 8 ரூபாய் 70 காசு. கூடுதலாக வந்தது அதே 25 கிராம், அதே 10 ரூபாய். மிஞ்சிய ஒன்றே கால் ரூபாய்ச் சில்லறையில்தான் தீனி அறுப்பவர் கூலி, சாணி அள்ளும் கூலி, தகரத்துக்கு வாங்கிய கடனின் வட்டி, மருந்து எல்லாவற்றையும் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. கொறங்காட்டுக்குக் குத்தகை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் தாய் ஆடுகளும் மேய்கின்றன. குட்டியின் தலையில் விழும் பங்கு சிறியது. ஆள் கூலியோ அநேகமாக இல்லை.

முதல் 150 கிராம் மட்டும் ஏன் அப்படி வேலை செய்கிறது? மாசி, பங்குனியில் கொறங்காட்டுப் புல் காய்ந்து பொன்னிறமாக நிற்கும். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்குதான். செம்மறியின் பெருவயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். இல்லாவிட்டால் அவை சோர்ந்துவிடும். தின்ற புல் வயிற்றிலேயே கிடக்கும். வயிறு நிறைந்த ஆடு மெலியும். அந்த நேரத்தில் ஒரு பிடி கடலைப் பிண்ணாக்கு உள்ளே போனால், குட்டிக்கு மட்டுமல்லாமல் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே தீனி போட்டதாகிறது. வீணாகவிருந்த காய்ந்த புல்லும் கறியாகிறது. கோடையில் விழும் வெள்வேல நெற்றும் இதே வேலையைக் காசில்லாமல் செய்கிறது. மரத்தடியில் ஆடுகள் நெற்றுக்கு முண்டியடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விறகுக்காக வெள்வேலத்தை வெட்டி விற்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கொட்டிலில் நான் சுட்டுக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு தடுப்புப் பலகை சாய்ந்து நான்கு குட்டிகள் மக்காச்சோள மூட்டைக்குள் தலையை விட்டிருந்தன. விடியற்காலை போய்ப் பார்த்தபோது இரண்டு குட்டிகள் வயிறு உப்பிப் பல்லை நெறித்துக்கொண்டு கிடந்தன. கழிச்சலில் புளித்த வாடை. தானியம் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் அமிலம் பொங்கிவிடும். மதியத்துக்குள் இரண்டும் போய்விட்டன. ஒரு குட்டி செத்தால் நான்கு குட்டியின் லாபம் அதோடு போகும். கொறங்காட்டில் தானிய மூட்டை கிடையாது. அடர்தீவனம் எந்த முறையில் கொடுத்தாலும் 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். முதலில் புல், கொடி போன்ற நார்த்தீனி தின்றுவிட்டு வந்த வயிற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கொறங்காட்டுக்கும் குறை உண்டு. மழை பெய்து புல் தளதளவென்று எழும் பருவத்தில் துள்ளுமாரி நோய் வரும். காலையில் கொழுகொழுவென்று ஓடிய குட்டி மாலையில் துள்ளி விழுந்து இறக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். பனி ஈரம் உலர்வதற்குள் ஆட்டை விட்டால் புல் நுனியில் ஏறியிருக்கும் குடற்புழுக் குஞ்சுகளையும் சேர்த்து மேயும். வெயில் ஏறிய பிறகு படலைத் திறப்பது சோம்பேறித்தனம் அல்ல.

தண்ணீரில்தான் உண்மையான வித்தியாசம்

தீனியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ‘செம்மறிக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவையில்லை’ என்று ஒரு சொல் எங்கள் பக்கம் உலவுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரியும். ஐப்பசி, கார்த்திகையில் பச்சைப் புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். நான்கு கிலோ புல் மேய்ந்த ஆடு மூன்று லிட்டருக்கு மேல் புல் வழியாகவே குடித்துவிடுகிறது. தொட்டிப் பக்கம் திரும்பாது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் சித்திரையிலும் அதே கணக்கில் இருக்கிறார்கள். காய்ந்த தீனியாக ஒரு கிலோ தின்ன இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் ஏறினால் இன்னும் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு அதற்கும் மேலே. தண்ணீர் குறைந்தால் ஆடு கத்தாது, தகராறு செய்யாது. தின்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நமக்குத் தெரிவது தராசில்.

இங்கேயும் வழிகள் மூன்று. முதலாவது, நண்பகலில் குட்டைக்கு ஓட்டிப்போவது. செலவில்லை. ஆனால் ஒரே ஒரு முறைதான் குடிக்கக் கிடைக்கும். கரைச் சகதியில் நத்தை இருந்தால் ஈரல் தட்டைப்புழுவும் கூடவே வரும். குட்டைத் தண்ணீரைவிட அதன் ஓரத்து ஈரப் புல்தான் ஆபத்து. இரண்டாவது, பட்டியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. மூன்றாவது, நிழலில் சிமென்ட் தொட்டி.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு சித்திரை மதியம் பக்கத்துக் காட்டு அண்ணன் வேலியோரம் நின்று என் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் வரிசையாகத் தொட்டிக்கு வருகின்றன, மூக்கை நீட்டுகின்றன, மேலுதட்டைச் சுருக்கிவிட்டுத் திரும்பிப் போய் மரத்தடியில் தலையைக் கவிழ்த்து நிற்கின்றன. “தம்பி, தொட்டியில் கையை விட்டுப் பார்” என்றார். விட்டேன். குளிக்கப் போட்ட வெந்நீர். அடியில் வழவழவென்று பாசி வேறு. மாலையில் தீனியை மிச்சம் வைக்கின்றனவே, பிண்ணாக்கு சரியில்லையோ என்று ஒரு வாரமாகக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். “ஆட்டுக்குப் பசியில்லாமல் இல்லை, தாகம் தீரவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே வெள்வேல மர நிழலில் சிமென்ட் தொட்டி கட்டினேன். உள்ளே சுண்ணாம்பு அடித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்கிறேன். பாசி பிடிப்பதில்லை. குடம் கணக்கில் அளந்து ஊற்றிப் பார்த்ததில் 40 உருப்படி, சித்திரையில் நாளொன்றுக்கு 160 லிட்டர் குடித்தன. தீனித் தொட்டியில் மிச்சம் விழுவது நின்றுபோனது. மொத்தப் பண்ணையிலும் குறைந்த செலவில் அதிக எடை கொடுத்தது அந்தத் தொட்டிதான்.

எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பு. பசுவைவிடச் செம்மறி அதைத் தாங்கும். ஆனால் வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த ஆடு முதல் சில நாள் முகம் சுளிக்கும்; கவனித்துக்கொள்ள வேண்டும். கொட்டிலில் அடைத்துத் தானியமும் தவிடும் அதிகம் கொடுக்கும் கிடாய்களுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் கல் சேரும். முக்கிக்கொண்டு நிற்கும், சொட்டுச் சொட்டாக விடும். பக்ரீத்துக்கு என்று பொத்திப் பொத்தி வளர்த்த கிடாய் அந்த வாரத்தில் இப்படிப் போவது கொடுமை.

மற்ற ஒப்பீடுகள் சுருக்கமாக. மூட்டைத் தீவனமா, சொந்தக் கலவையா என்றால், இருபது உருப்படிக்குக் கீழே மூட்டையே போதும், அலைச்சல் மிச்சம். அதற்கு மேல் நான் கலந்துகொள்கிறேன், நூறு கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 32, தாது உப்பு, கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள், சமையல் உப்பு தலா 1. கால்சைட் மேலே சொன்ன சிறுநீர்க் கல்லைத் தடுப்பதற்காக. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்கக் கூடாது. தாது உப்பில் ஓர் எச்சரிக்கை: மாட்டுக்கு என்று விற்பதை அப்படியே செம்மறிக்குப் போடாதீர்கள். அதில் தாமிரம் கூடுதல். செம்மறியின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய் ஒருநாள் திடீரென்று கைவிட்டுவிடும்.

பசுந்தீவனத்தில் கம்பு நேப்பியர் புல்லா, வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமா? நேப்பியர் மலைபோல் விளையும்; அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறோம். ஆனால் 12 கிலோ குட்டியின் சின்ன வயிற்றில் அது பெரும்பாலும் தண்ணீரையே நிரப்புகிறது, தண்டையும் ஒதுக்கிவிடும். வேலிமசால் விளைச்சல் குறைவு, புரதமோ இரட்டிப்பு. குட்டிக்கு வேலிமசால், மாட்டுக்கு நேப்பியர் என்பது என் பங்கீடு. சோளம் விதைத்தால் பூக்கும் முன் ஆட்டை விடவே கூடாது. இளம்பயிரில் நஞ்சு உண்டு, அதுவும் வாடிய பயிரில்.

தாய் ஆடுகளுக்கு ஆண்டு முழுவதும் கைத்தீனி கொடுப்பது வீண். கிடாய் சேர்ப்பதற்கு முன் மூன்று வாரம், சினையின் கடைசி ஆறு வாரம், ஈன்ற பிறகு இரண்டு மாதம் கொடுத்தால் போதும். கருவிலிருக்கும் குட்டி எடை கூடுவதில் பெரும்பங்கு அந்தக் கடைசி ஆறு வாரத்தில்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கையில் காடு இல்லாமல் அரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் மட்டும் வைத்திருப்பவரிடம் நான் கொட்டில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழியும் இல்லை. வீட்டு ஆளே தீனி அறுத்துப் போட்டால் அந்த ஒன்றே கால் ரூபாயும் கூலியாக வெளியே போகாது. பக்ரீத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது பத்துக் கிடாய்க் குட்டி வாங்கட்டும். கண்ணளவில் வாங்காமல் தராசில் நிறுத்து வாங்கட்டும். சின்னக் குட்டிக்குக் கிலோ விலை எப்போதும் அதிகமாகத்தான் சொல்வார்கள். அங்கே கிலோவுக்கு 50 ரூபாய் ஏமாந்தால் பிறகு எந்தத் தீனி போட்டும் மீட்க முடியாது. தகரத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்று போதும். தொட்டியை மட்டும் முதல் நாளே நிழலில் வைத்துவிடட்டும்.