கிபிலெஃப்டியும் லோபிடாலோவும்

சாலை நடுவே இருக்கும் ரவுண்டானாவுக்கு, கிழக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியில் 'கிபிலெஃப்டி' என்று பெயர். 'கீப் லெஃப்ட்' பலகை தந்த சொல். 'கி' அந்த மொழியில் ஏற்கெனவே ஒருமை முன்னொட்டு, அதற்குப் பன்மை 'வி'. அதனால் பன்மை தானாக 'விபிலெஃப்டி' ஆகிவிட்டது! அதற்கு முன்பே அரபியிலிருந்து வந்த 'கிடாபு' (புத்தகம்) 'விடாபு' ஆனதும் இதே கணக்குதான். வந்த சொல்லைப் பிடித்துத் தன் இலக்கணத்துக்குள் போட்டுவிடும் இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காங்கோவில் பேசும் லிங்காலா மொழியின் வழி வேறு. பெல்ஜியர் ஆண்ட காங்கோவில் அது பிரெஞ்சின் பக்கத்திலேயே வளர்ந்தது. ஆஸ்பத்திரி அங்கே 'லோபிடாலோ'. பிரெஞ்சில் சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'ல்' கூடச் சேர்ந்தே வந்துவிட்டது. 'கிளாஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் 'கெலாசி' ஆகிப் பள்ளிக்கூடத்தையே குறிக்கிறது. (ஸ்வாஹிலியின் 'ஷூலே' ஜெர்மன் தந்தது, முதல் உலகப் போர் வரை தான்சானியாவின் பெருநிலப் பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தது.) காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் லிங்காலாப் பேச்சில் எண் வந்தால் சட்டென்று பிரெஞ்சுக்குத் தாவுவது சகஜம். ஸ்வாஹிலியிலும் 6, 7, 9 ஆகியவை அரபி எண்கள்தான், ஆனால் அவை ஊறிப்போய்விட்டன.

அப்புறம் போர்த்துக்கீசியம். மேசைக்கு ஸ்வாஹிலி, லிங்காலா இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சொல், 'மேஸா'. நம் 'மேசை'யும் அங்கிருந்து வந்ததே. லிங்காலாவில் காலணி 'சபாட்டோ'; யாழ்ப்பாணத்தில் கேட்டால் 'சப்பாத்து'.