அக்சஸா, எஸ்க்யூஎல் சர்வரா, போஸ்ட்கிரஸா: டேட்டா பெருகும்போது எதற்கு மாறலாம்?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸில் ஒரு ஃபைலின் உச்சவரம்பு 2 ஜிபி. ஆனால் அந்த எல்லையைத் தொடும் முன்பே தொல்லை ஆரம்பித்துவிடும், ஏனென்றால் அக்சஸில் தேடுவது, வடிகட்டுவது, கூட்டுவது எல்லாவற்றையும் செய்வது உங்கள் கணினிதான். ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தால், பத்து வரிசை வேண்டுமென்றாலும் சரியான இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத டேபிள் முழுக்க நெட்வொர்க் வழியாக வந்து சேரும். நடுவில் வைஃபை அறுந்தால் ஃபைலே கெட்டுப்போகலாம். வரிசைகளை அழித்தாலும், 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டும்வரை அளவு குறையாது.

எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ் சர்வரில் இது தலைகீழ். கேள்வி (குவெரி) மட்டும் போகும், விடை மட்டும் திரும்பி வரும். பாதியில் இணைப்பு போனால், முடியாத டிரான்சாக்‌ஷனை (ஒரே மூச்சில் முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை) அது தானே பின்வாங்கிக்கொள்ளும். எனக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

சரி, எந்த சர்வர்? அக்சஸ் ஃபார்ம்களையும் ரிப்போர்ட்களையும் அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் சுலபம்; டேபிள்களை நகர்த்த மைக்ரோசாஃப்டே இலவசக் கருவி தருகிறது. 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான், அதை மறக்கவேண்டாம். போஸ்ட்கிரஸில் வழக்கமான அமைப்பில் ஒரு டேபிளே 32 டிபி வரை போகலாம், லைசென்ஸ் செலவும் இல்லை. புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் நான் போஸ்ட்கிரஸைத்தான் சொல்வேன். நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்துவதானால் சர்வரே தேவைப்படாத, ஒரே ஃபைலில் இயங்கும் எஸ்க்யூஎல்லைட் போதும், ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அங்கே உறுத்தாது.

பலர் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். டேபிள்களை சர்வருக்கு நகர்த்தி, அக்சஸில் லிங்க் கொடுத்து, பழைய குவெரியையே ஓட்டிவிட்டு "முன்பைவிட மெதுவாக இருக்கிறதே" என்பார்கள். காரணம் பெரும்பாலும் குவெரிக்குள்தான் இருக்கும். நிபந்தனையில் விபிஏவில் (அக்சஸின் நிரல்மொழி) நீங்களே எழுதிய ஃபங்ஷன் ஒன்று இருந்தால் சர்வருக்கு அது புரியாது, அதனால் அக்சஸ் மொத்த வரிசைகளையும் இழுத்துவந்து இங்கேயே சல்லடை போடும். அந்தக் கணக்கை சர்வரில் ஒரு வியூவாக (சேமித்து வைத்த குவெரி) எழுதுங்கள், இல்லையென்றால் அக்சஸ் தொடாமல் சர்வருக்கே நேராகப் போகும் பாஸ்-த்ரூ குவெரியாக அனுப்புங்கள்.

குவெரியை எழுதும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. அக்சஸில் தேதியை # குறிக்குள் போட்டிருப்பீர்கள், சர்வரில் ஒற்றை மேற்கோள். சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக்கில் * போட்ட இடத்தில் %. ஆம்/இல்லை கட்டம்தான் மோசம்: அக்சஸில் ஆம் என்பது -1, எஸ்க்யூஎல் சர்வரின் பிட் வகையில் 1. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், யாருமே தொடாத வரிசையைக்கூட "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று அக்சஸ் சேமிக்க மறுக்கும். காலியை அனுமதிக்காமல் இயல்பு மதிப்பாக 0 வைத்து, டேபிளில் ரோவெர்ஷன் (வரிசை மாறும்போதெல்லாம் தானாக மாறும் எண்) நெடுவரிசை ஒன்றையும் சேர்த்துவிட்டு லிங்கைப் புதுப்பித்தால் அந்தத் தொல்லை போய்விடும்.