கோத்தகிரி வீட்டில் எஸ்க்யூஎம்: வேகத்தைக் குறைத்தேன், லேக் போனது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர் வருகிறது. டவுன்லோடு 50, அப்லோடு 10 எம்பிபிஎஸ். ஸ்பீட் டெஸ்டில் அது சரியாகவே காட்டும். ஆனால் சாயங்காலம் யாருடைய போனாவது போட்டோக்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் போதும், என் ஆபீஸ் கால் விட்டு விட்டுக் கேட்கும். பையன் "அப்பா, லேக் அடிக்குது" என்று உள்ளேயிருந்து கத்துவான். சும்மா இருக்கையில் 20 மில்லிசெகண்டாக உள்ள பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்), அந்த நேரத்தில் 600ஐத் தாண்டும். பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். மாறவில்லை. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் வசதி) போட்டேன்.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கியூபிக் போன்ற டிசிபி முறைகள் (டேட்டாவை அனுப்பும் வேகத்தைத் தீர்மானிப்பவை), பாக்கெட் என்னும் டேட்டாத் துண்டு ஏதாவது தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடத்தில் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, வரிசைதான் நீளும். மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிய பைக் போல, என் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்.

கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் என்ற வரிசைக் கட்டுப்பாட்டு முறை இதைத்தான் பிடித்தது. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காது, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்க்கும். அந்த நேரம் 100 மில்லிசெகண்ட் அளவுக்குத் தொடர்ந்து 5 மில்லிசெகண்டுக்கு மேலேயே இருந்தால், சிலவற்றைத் தூக்கி எறிந்து, அனுப்புகிறவரை அடங்கச் சொல்லும். 1986இல் இணையம் நெரிசலில் முடங்கியபோது டிசிபிக்குக் கடிவாளம் போட்டவரும் இதே ஜேக்கப்சன்தான். ஒரு மனுஷன் ஒரே பிரச்சினையோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்!

நான் செய்தது சின்ன வேலைதான். பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, எஸ்க்யூஎம்மில் கோடெல் வழியில் வந்த கேக் முறையைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடை 46, அப்லோடை 9 என்று வைத்தேன். வேண்டுமென்றே குறைவு. அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் என் ரவுட்டரில் சேரும், அதை கேக் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை என்பதால் பேக்கப் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இப்போது அப்லோடு ஓடும்போதும் பிங் 30ஐத் தாண்டுவது அபூர்வம். "காசு கொடுத்து வாங்கின ஸ்பீடை நீங்களே வெட்டுறீங்களா?" என்று மச்சான் சிரித்தார். அவர் வீட்டிலும் இப்போது அதே செட்டிங்தான்.

குறையும் உண்டு. மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் 4ஜி டாங்கிளுக்கு மாறுவோம். மே சீசன் கூட்டத்தில் அதன் வேகம் மணிக்கொரு விதமாக இருக்கும், நிலையான எண் ஒத்துவராது. பிங்கைப் பார்த்து எண்ணைத் தானே மாற்றும் கேக்-ஆட்டோரேட் ஸ்கிரிப்ட் அங்கே ஓரளவு கைகொடுக்கிறது. கேபிள்காரரின் மெயின் லைனிலேயே நெரிசல் என்றால் இது எதுவும் உதவாது, போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

அப்புறம், இந்த வேலை முழுக்க ரவுட்டரின் சிபியு தலையில்தான் விழுகிறது. பாக்கெட்டுகளை சிபியுவைத் தொடாமலே கடத்தும் ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கையும் அணைத்துவிட வேண்டும். 50க்கு என் பழைய பெட்டி தாராளம். பிளானை 200, 300 என்று ஏற்றப் போகிறவர்கள் முதலில் ரவுட்டரின் பிராசசரைப் பாருங்கள்.