ஒருநாள் ‘வாழ்க்கை மரம்’ செயலமர்வு: போகலாமா?

தன் வாழ்க்கையை ஒரு மரமாக வரைந்து, அதை வைத்துப் பேசும் முறைதான் ‘வாழ்க்கை மரம்’. திருகோணமலை நகரில் பெண்கள் சங்கங்களுக்காக நடத்தப்படும் ஒருநாள் செயலமர்வு இது. கட்டணம் இல்லை, மத்தியானச் சாப்பாடும் உண்டு. வளவாளர் இருவர், பங்குபற்றுநர் இருபத்தைந்து பேர். முதல் குறையே இந்த எண்ணிக்கைதான். பதினைந்தைத் தாண்டினால் எல்லாருடைய மரத்தையும் ஆறுதலாகக் கேட்டு முடிக்க ஒருநாள் காணாது.

முறை பழகிய முறைதான். 2006இல் உளவியலாளர் என்கசெலோ என்கூபேயும் அவுஸ்திரேலியாவின் டல்விச் சென்டர் என்ற உளவளத்துணை நிலையத்தைச் சேர்ந்த டேவிட் டென்பரோவும், ஆபிரிக்காவின் தென்பகுதியில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உருவாக்கியது. பட்ட துன்பத்தைப் பேசுமுன் ஆள் காலூன்றி நிற்க ஓரிடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் மரமாக வரைகிறோம். வேரில் பிறந்த ஊர், பரம்பரை, சின்ன வயதுப் பாட்டு. நிலத்தில் இப்போதைய வீடும் அன்றாட வேலையும். அடிமரத்தில் தெரிந்த கைவேலை, நல்ல குணம். கிளையில் ஆசைகள், இலையில் முக்கியமான ஆட்கள், பழத்தில் மற்றவர் நமக்குச் செய்தவை. இறந்தவர்களையும் இலையில் எழுதலாம் என்று வளவாளர் முதலே சொல்லிவிட வேண்டும். இங்கே சொன்னார்கள், அது நல்லது.

அடிமரத்தில்தான் எல்லாரும் தடக்குப்படுவார்கள். “எனக்கு ஒண்டும் தெரியாது” என்று பேனையை மூடி வைப்பார்கள். அந்த இடத்தில் இந்த வளவாளர்கள் கெட்டிக்காரர்கள். “உங்கட தங்கச்சியிட்டக் கேட்டா உங்களைப் பற்றி என்ன சொல்லுவா?” என்று கேட்டதும் ஒருவர் ‘கருவாடு போடுவேன்’ என்று எழுதினார். “அதை ஆரிட்டப் பழகினீங்க அக்கா?” என்ற அடுத்த கேள்விக்கு மாமியாரின் பெயர் இலைக்கு வந்தது. இப்படி ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப்போகத் தெரியாவிட்டால், மரம் வெறும் படிவம் நிரப்பல்தான்.

என்ன மரம் என்பதையும் முதலே பேசியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் பனையைத்தான் வரைவார்கள். பனைக்குக் கிளை இல்லை, ஆசைகளை எங்கே எழுதுவது என்று நடுவில் முழிப்பார்கள். வேம்பு, புளி வசதி. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு ஆல் இன்னும் பொருத்தம்: பிறந்த ஊரை வேரிலும் பிறகு வந்த ஊர்களை விழுதுகளிலும் எழுதலாம்.

ஆளுக்கொரு பெரிய டிமைத் தாள், மூன்று பேருக்கு ஒரு பேஸ்டல் பெட்டி கொடுத்தார்கள். பிழைத்தால் மாற்ற மேலதிகத் தாள் இல்லை. வரைவது பேஸ்டலிலும் எழுதுவது பேனையிலும் இருக்கட்டும். பேஸ்டலின் மேல் பேனை எழுதாது, எண்ணெய்ப்பசை முனையை அடைத்துவிடும்.

பெரிய பிழை பிற்பகலில். மரங்களைச் சுவரில் ஒட்டிக் ‘காடு’ ஆக்கி, ஒவ்வொருவரும் மற்றவரின் மரத்தில் நாலு நல்ல சொல் எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் ‘புயல்’, அதாவது வாழ்க்கையில் வந்த துன்பங்கள் பற்றிய பேச்சு. அப்போதும் “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று தனியாளைக் கேட்பதில்லை. “காட்டுக்கு என்னென்ன ஆபத்து வரும், வந்தால் மரங்கள் எப்படித் தாங்கும்?” என்று பொதுவில் கேட்பதுதான் முறை. இங்கே நேரம் போய்விட்டதென்று காட்டை விட்டுவிட்டு நேரே புயலுக்குப் போனார்கள், அதுவும் ஆள் ஆளாக. 2004 சுனாமியும் 2006 போர்க்கால இடப்பெயர்வும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது, இது கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோகக்கூடிய விஷயமில்லை. அழுதவர்களோடு தனியே இருக்க உளவளத்துணையாளர் ஒருவரும் இல்லை.

சான்றிதழும் ஏமாற்றம். இந்த முறையில் சான்றிதழ் என்பது அவரவர் மரத்திலிருந்து எடுத்த திறமை, ஆசை, முக்கியமான ஆட்களின் பெயர் எழுதிக் கொடுப்பது. கிடைத்ததோ சின்னங்கள் அச்சடித்த வரவுச் சான்றிதழ். படங்களையும் கேளாமல் எடுத்தார்கள். ஊரில் ஆளையாள் தெரியும், காணாமற்போனவரின் பெயர் எழுதிய இலை முகநூலுக்குப் போகக்கூடாது. “என்ர மரத்தைப் படமெடுக்க வேண்டாம்” என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

தாயும் மகளுமாகப் போக நினைப்பவர்களுக்கு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான பிணக்கைக் காற்றில் விடும் பட்டத்தை வைத்துப் பேசும் டென்பரோவின் ‘பட்டம்’ முறை பொருந்தும். அது ரொறன்ரோவின் தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து உருவானது. கேட்டுப் பாருங்கள், இங்கே இன்னும் நடத்தவில்லை.

காலை அமர்வுக்காகப் போகலாம். பிற்பகல் முறை மாறும்வரை, அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்களை அனுப்பவேண்டாம். மூதூர், சம்பூர்ப் பக்கத்தவர்கள் நாலு மணிக்கே பஸ்ஸைப் பார்க்கத் தொடங்குவதால், ஒன்பதுக்கு அல்ல, எட்டரைக்கே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கும் கண்ணாடியை மறக்காதீர்கள், இலைகளில் எழுத்து சின்னதாக வரும்.