"சாக்கு, சாக்கு!" – அல்சூர் மாடி யோகா கிளாஸ், எட்டு மாச அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், ஏசி, சுவர் பூரா கண்ணாடி, சாம்பிராணி வாசனைன்னு எதிர்பாத்து போகாதீங்க. பெங்களூர்ல அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல ஒரு சந்து, ரெண்டாவது மாடி, செங்குத்தா படிக்கட்டு, மேல ஷீட் போட்ட ஒரு ஹால், அவ்ளோதான். திருவள்ளுவர் செலைலேர்ந்து நடந்தா பத்து நிமிஷம். (அந்தச் செலைய 1991ல வச்சிட்டு 18 வருஷம் மூடியே வச்சிருந்து 2009ல தான் தெறந்தாங்க. அவரு பண்ணதுக்கு மேல ஒரு தவம் உண்டான்னு எங்க மாமனார் அந்தப் பக்கம் போறப்பல்லாம் சொல்லுவார்.) கிளாஸ் பேர் போடல, சொல்லிக்குடுக்கற மேடம் வேணாம்னுட்டாங்க, பதினாலு பேருக்கு மேல அங்க பாய் விரிக்க எடம் கெடையாது.

நான் ஏன் போனேன்னா இடுப்பு வலி. ஒயிட்ஃபீல்டுல வேலை, ஒரு நாளைக்கு ஒம்போது மணி நேரம் நாற்காலி, அதுக்கு மேல ராத்திரி ரெண்டரைக்கு டாண்ணு முழிப்பு வந்துடும், அப்புறம் ஃபேன பாத்துக்கிட்டே விடியும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எல்லாம் பாத்துட்டு டிஸ்க் பிரச்சனை இல்லம்மா, மாத்திரைய நிறுத்திட்டு நடங்க, யோகா பண்ணுங்கன்னார். தட்டிக் கழிக்கறாரோன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017ல போட்ட வழிகாட்டுதல்லயே நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி உடற்பயிற்சி, யோகா மாதிரி விஷயங்கள பண்ணிப் பாருங்கன்னு தான் இருக்கு. சரி, டாக்டர் மேல தப்பில்ல.

ஆனா நான் மொதல்ல போனது இங்க இல்ல, வேற ஒரு பக்கம் பளபளன்னு ஒரு எடம். பாட்டு சத்தம் காதப் பொளக்கும், வாரா வாரம் 108 சூரிய நமஸ்காரம் சேலஞ்ச், யாராவது மொபைல்ல வீடியோ எடுத்துக்கிட்டே இருப்பாங்க. அங்க ஒரு பையன், நல்ல பையன் தான், இருபத்தஞ்சு வயசு இருக்கும், நான் பச்சிமோத்தாசனத்துல (கால நீட்டி உக்காந்து முன்னாடி குனியற ஆசனம்) குனிய முடியாம உக்காந்திருந்தப்போ பின்னாடிலேர்ந்து முதுக அமுக்கினான் பாருங்க, தொடைக்குப் பின்னாடி சுளீர்னுச்சு. மூணு வாரம் நொண்டி நொண்டி தான் மெட்ரோ ஏறினேன். கட்டின ஆறு மாசக் காசு போனது போனது தான்.

அதனால இங்க வர்றப்பவே பயந்துக்கிட்டு தான் வந்தேன். மொத நாள் ஆசனமே கெடையாது. மேடத்துக்கு அறுபதுக்கு மேல இருக்கும், மூக்குல ரெட்டை மூக்குத்தி, ஒரு பழைய நோட்டுல எழுதிக்கிட்டே கேக்கறாங்க, பிபி இருக்கா, சுகர் இருக்கா, ஆபரேஷன் ஏதாவது ஆச்சா, கண்ணுல பிரஷர் உண்டா, தலை சுத்துமா. கண்ணுக்கும் யோகாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். கிளாக்கோமா இருக்கறவங்க தலைகீழா நின்னா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிடும், சிரசாசனம் அவங்களுக்கு ஆகவே ஆகாதுன்னாங்க. பிபி ஜாஸ்தி இருக்கறவங்கள கபாலபாதி, அதான் மூச்ச வேக வேகமா வெளிய தள்ற பயிற்சி, பண்ணவே விட மாட்டாங்க. முன்னாடி எடத்துல நாங்க முப்பது பேரும் ஒண்ணா புஸ் புஸ்னு பண்ணிக்கிட்டிருந்தோம், யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கல.

ரெண்டாவது நாள் தான் காமெடி. மேடம் கோலார் பக்கத்துக்காரங்க, பேச்சு பாதி கன்னடம் பாதி தமிழ். நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு குனியறேன், பக்கத்துல வந்து "சாக்கு, சாக்கு"ங்கறாங்க. பன்னெண்டு வருஷம் பெங்களூர்ல இருந்தும் அந்த நேரத்துல மண்டைல தமிழ் தான் ஓடுது, அய்யோ நான் சாக்கு சொல்றேன்னு நெனச்சுட்டாங்க போலன்னு இன்னும் குனியறேன், அவங்க இன்னும் சத்தமா சாக்குங்கறாங்க. பக்கத்துப் பாய்க்காரம்மா தான், "போதும்கறாங்கம்மா, நிமிரு"ன்னு சொல்லிச்சு. இந்தக் கிளாஸ்ல நான் காசு குடுக்கறது அந்த ஒரு வார்த்தைக்குத் தான்னு இப்ப தோணுது. செய்யச் சொல்லிக்குடுக்க யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க, எங்க நிறுத்தணும்னு நம்மள பாத்து சொல்ல ஒரு ஆள் வேணும்.

மேடம் படிச்சது ஐயங்கார் முறை. பி.கே.எஸ். ஐயங்கார் அவங்க ஊர்ப் பக்கம் தான், கோலார் ஜில்லா பெள்ளூர்ல 1918ல பொறந்தவர். சின்ன வயசுல மலேரியா, டைஃபாய்டு, டிபின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு, நோஞ்சான் பையன். 1934ல மைசூர்ல இருந்த அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட போய்ச் சேந்து தான் யோகாவே பழகினார். ஒடம்பு வளையாதவங்களோட கஷ்டம் தெரிஞ்சதால தானோ என்னவோ பெல்ட்டு, மரக்கட்டை, போர்வை, மடக்கு நாற்காலின்னு எல்லாத்தையும் ஆசனத்துக்குள்ள கொண்டு வந்தார். அதே பச்சிமோத்தாசனத்த இங்க பாதத்துல பெல்ட்ட மாட்டி, அடில ரெண்டு போர்வை மடிச்சுப் போட்டு பண்ண வச்சாங்க, இடுப்பு இழுக்கறது தெரிஞ்சுச்சு, வலிக்கல. மூணு மாசத்துல காலைல எந்திரிக்கறப்போ கட்டில பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கற வேலை போயிடுச்சு. சுத்தமா போச்சான்னா இல்ல, நாலு நாள் லீவு போட்டா திரும்ப எட்டிப் பாக்குது.

தூக்கம் தான் பெரிய விஷயம். கடைசி இருபது நிமிஷம் கால செவுத்து மேல தூக்கி வச்சு படுக்கணும், விபரீதகரணி, அப்புறம் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடணும். ஏன் விடறது நீளமா இருக்கணும்னா, மூச்ச இழுக்கறப்போ இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், விடறப்போ மூளைலேர்ந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு அத பிரேக் போட்ட மாதிரி மெதுவாக்கும், அதனால விடறத நீட்டினா பிரேக்கும் நீளுது. நம்பிக்கை இல்லாம வாட்ச கட்டிக்கிட்டு பாத்தேன், பத்து நிமிஷத்துல 84ல இருந்து 70க்கு எறங்குச்சு. இப்ப ராத்திரி ரெண்டரைக்கு முழிப்பு வந்தாலும் ஆபீஸ் மெயில பாக்காம இத பண்றேன், பாதி நாள் எட்டாவது தடவைக்குள்ள தூங்கிடறேன்.

போன வருஷம் அப்பா தவறினப்புறம் ஒரு நாள் சவாசனத்துல (அசையாம மல்லாக்கப் படுத்திருக்கற ஆசனம்) அழுகை அப்படியே பொத்துக்கிட்டு வந்துடுச்சு. மேடம் ஒரு போர்வைய போத்திட்டு போயிட்டாங்க, ஒண்ணும் கேக்கல. அதே மாதிரி ரெண்டு வாரம் போனதும் தனியா கூப்பிட்டு, "இத நான் மட்டும் பாத்துக்க முடியாதும்மா, டாக்டர போய்ப் பாரு, நிம்ஹான்ஸ்லயே யோகாவும் இருக்கு, வைத்தியமும் இருக்கு"ன்னாங்க. (நிம்ஹான்ஸ்னா இங்க இருக்கற பெரிய மனநல ஆஸ்பத்திரி.) போனேன். மூச்சுப் பயிற்சி பண்ணா டிப்ரஷனே வராதுன்னு அடிச்சு விடற கும்பலுக்கு நடுவுல இப்படி ஒருத்தங்க. கிளாஸ்ல ஒரு அங்கிள் பிபி மாத்திரைய நிறுத்திட்டேன்னு பெருமையா சொன்னப்போ அவருக்கு விழுந்த திட்ட கீழ தெருவுல கேட்டிருப்பாங்க.

வெயிட் குறையுமான்னு எல்லாரும் கேக்கறீங்க. எட்டு மாசத்துல ஒன்றரை கிலோ, அதுவும் சாயங்கால பஜ்ஜிய விட்டதால தான்னு நெனைக்கறேன். இந்த மாதிரி நிதானமான கிளாஸ் மூச்சு வாங்க வைக்காது. வாரத்துக்கு 150 நிமிஷம் ஒடம்பு வேலை வேணும்னு டபிள்யூ.ஹெச்.ஓ. சொல்லுதே, அதுக்கு நான் ஏரிய சுத்தி தனியா நடக்கறேன்.

கொறைன்னா இருக்கு. ஒரே டாய்லெட். பார்க்கிங் சுத்தமா கெடையாது, ஸ்கூட்டியே கஷ்டம். மழை மாசத்துல போர்வை எல்லாம் ஈர நாத்தம், நான் வீட்லேர்ந்து பெட்ஷீட் கொண்டு போயிடறேன். மேடம் மைசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போனா ஒரு சின்னப் பொண்ணு வந்து கிளாஸ் எடுக்குது, அது மேடம் மாதிரி பாக்காது, மணிய தான் பாக்கும். சவாசனத்துல சரியா கண்ண மூடினதும் எதிர் வீட்டு குக்கர் நாலு விசில் அடிக்கும். ஜூன் 21 யோகா தினத்துக்கு எல்லாரும் ஒரே கலர் டீஷர்ட் போட்டு போட்டோ எடுக்கணும்னு ஒரு கோஷ்டி, நான் லீவு போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் மூணு நாள் வந்தார், நாலாவது நாள் அவருக்கு முட்டி வலி, அது அசல் தமிழ் சாக்கு.

மாசம் 1,800, காலைல 6 மணிலேர்ந்து 7.15, வாரத்துல நாலு நாள். வெறும் வயித்துல போங்க. நான் ஒருக்கா காபியும் ரெண்டு ரஸ்க்கும் சாப்பிட்டு போய் திரிகோணாசனத்துல நின்ன கதைய இங்க எழுத முடியாது. 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு டாய்லெட்டுக்காக. மொத கிளாஸ் ஃப்ரீ, ஆனா அவசரப்பட்டு புது பாய் வாங்கிடாதீங்க, மொத ஒரு வாரம் உங்கள நாற்காலில தான் உக்கார வைப்பாங்க.