லைவில் நூலைக் கொளுத்திக் காட்டினார்கள், நம்பி 18,500 ரூபாய் போட்டேன்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயந்திரம்தான் விஷயமே தெரிந்தது. 18,500 ரூபாய். பட்டு என்று நம்பி பாலியஸ்டர் வாங்கியிருக்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லி ராத்திரி எட்டு மணிக்கு லைவ் போட்டு விற்கிறார்களே, அந்த மாதிரி ஒரு கடை.

அப்பாவுக்கு அறுபது முடிகிறது. அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அம்மாவுக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, காஞ்சிபுரம் வரை அலைய முடியாது. நாலு மாதமாக ராத்திரி சமையலை முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அந்த லைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விற்கிற பெண்ணின் குழந்தைக்கு எந்தக் கோயிலில் மொட்டை போட்டார்கள் என்பது வரை எங்களுக்குத் தெரியும். ஒருநாள் அவர் வரவில்லை என்றால், "அந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ" என்று அம்மா கவலைப்படுவார்.

அன்றைக்கு 14-ஆம் நம்பர் புடவை. முந்தியிலிருந்து ஒரு நூலை உருவினார். தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார். சாம்பலை இரண்டு விரலால் தேய்த்துப் பொடியாக்கி கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டினார். "பாத்துக்கோங்க, முடி கருகுற வாசம் வருது. கைத்தறி, கோர்வை, ஒரிஜினல் சரிகை. ஒன்னே ஒன்னுதான் இருக்கு." அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று கமெண்ட் போட்டேன். என் பெயரைச் சொல்லி, "அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கக்கா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஜிபேயில் 18,500 போட்டு முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசம் வீடியோவில் வராது. உருவிய நூல் எந்தப் புடவையுடையது என்பதும் தெரியாது. கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பில் இதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. எதிரில் உட்கார்ந்து ஒருத்தர் இதையே சொல்லியிருந்தால், கொடுங்கள் பார்ப்போம் என்று கையில் வாங்கித் தடவியிருப்பேன்.

பார்சல் வந்தது. நிறம் வீடியோவில் பார்த்ததைவிட அடித்தது. லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று ஃபால்ஸ் வைக்கக் கொடுத்தபோது தையல்கார அக்கா துணியைத் தொட்டதுமே நிமிர்ந்து பார்த்தார். ஓரத்து நூலைக் கொளுத்தினார். அது உருகிச் சுருண்டு, கருப்பாக ஒரு குண்டுமணி போல இறுகிவிட்டது. சரிகையையும் நகத்தால் சுரண்டினார். அசல் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுமாம். இதில் வெள்ளையாக எதுவோ வந்தது. "எவ்ளோம்மா குடுத்த?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

உடனே மெசேஜ் போட்டேன். முதல் பதில்: "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா மேம்?" இல்லை. அம்மா பூஜை அறையில் வைத்துப் பிரித்தார், அதை யார் வீடியோ எடுப்பார்கள்? "கட் இல்லாத ஓப்பனிங் வீடியோ இருந்தாதான் கம்ப்ளெய்ன்ட் எடுப்போம்." அவர்கள் காட்டிய வீடியோவை நான் நம்ப வேண்டும், என்னிடம் வீடியோ இல்லாததால் என் வார்த்தை செல்லாது. போன் செய்தால் ஓனர் வெளியூர். மறுபடி செய்தால், "நாங்க அனுப்பின புடவை இதுதான்னு எப்படி மேம் நம்புறது?" லைவில் போய் 18,500 ரூபாய்க்கு என்ன பதில் என்று கேட்டேன். ஒரு நிமிஷத்தில் கமெண்ட் காணவில்லை, அப்புறம் நானே பிளாக். 14-ஆம் நம்பர் வந்த பழைய லைவையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கடை வீடியோ போடுகிற ஒருவர் இந்தக் கடைக்குப் போய், "கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று பேசியிருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அந்த லைவுக்கே போனேன். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே விதிமுறை போட்டிருக்கிறது. அந்த வீடியோவில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. காசு வாங்கினாரா என்று அவரிடம் கேட்டுப் போட்டிருக்கிறேன், பதில் இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். லைவ் ஓடும்போதே பணம் போடாதீர்கள். அசல் பட்டு என்பதற்கு அடையாளமான, மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டை லைவில் தெரிந்தால் போதாது, உங்களுக்கு வருகிற புடவையில் அது இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இல்லை. லைவை ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915.

இன்றைக்கும் எட்டு மணிக்கு அவர்கள் லைவ் இருக்கிறது. உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ தங்கையோ இந்த மாதிரி லைவ் பார்க்கிறவர்களாக இருந்தால், அதற்குள் இதைப் படித்துக் காட்டுங்கள்.