பத்மினியில் இருபது வருடம், சென்சார் வண்டியில் ஐந்து வருடம்

அப்பா 1994-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பிரீமியர் பத்மினி காரை 2014 வரை கோயம்புத்தூரில் ஓட்டினோம். முதலில் அப்பா, பிறகு நான். இப்போது இருப்பது 2020 கடைசியில் வாங்கிய பி.எஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான) பெட்ரோல் கார். அதன் நிறுவனம் எது என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போவது இன்று விற்கும் எந்த வண்டிக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி மழையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதென்றால் புது வண்டிதான், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் வழியில் வண்டி நின்றால், ஏன் நின்றது என்று பத்மினியில் எனக்குத் தெரியும். இப்போது தெரிவதில்லை. இந்த ஐந்து வருடத்தில் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான்.

பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100 டி. பம்பாய் குர்லாவில் தயாரானது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் ஓரத்திலேயே கியர், பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். மும்பையில் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் சாலையை விட்டுப் போயின. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்ட முடிந்தது என்பதே.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்பரேட்டர், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், காயில் எல்லாம் பார்வையிலேயே இருக்கும். இன்ஜின் ஓட வேண்டுமென்றால் பெட்ரோல் வர வேண்டும், தீப்பொறி வர வேண்டும், இரண்டும் நேரத்துக்கு வர வேண்டும். பிளக் வயரைக் கழற்றி இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தால் பொறி வருகிறதா இல்லையா என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். பொறி இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்டைப் பார். கருகியிருந்தால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. எங்கள் மெக்கானிக் அண்ணன் பாயிண்டின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் இல்லாத நாளில் விசிட்டிங் கார்டை நுழைத்தே இடைவெளியைச் சரி பார்த்துவிடுவார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "மூணாவது பிளக் மிஸ் ஆகுது தம்பி, நிறுத்துங்க" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சரி, அந்த வண்டியோடு வாழ்வது சுகமாக இருந்ததா என்றால், இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறியவர்களுக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பர்லியாறு தாண்டும் முன்பே இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே உட்கார்ந்திருப்பதால் சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. வேப்பர் லாக் என்பார்கள். அந்தக் காலத்துக் கார்பரேட்டர் வண்டிகள் பலவற்றுக்கும் இருந்த தொல்லை இது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி, பெண்களையும் குழந்தைகளையும் நிழலில் உட்காரவைத்து, இருபது நிமிடம் காத்திருப்போம். அப்புறம் கிளம்பும்.

ஊட்டி சேர்ந்தால் வேறு பிரச்சினை. கோவை கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் சொச்சம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். மேலே காற்று மெலிது. ஆனால் கோவையில் டியூன் செய்த கார்பரேட்டர் பெட்ரோலை அதே கணக்கில்தான் விடும். அதனால் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும், பிளக்கில் கரி பிடிக்கும். புது வண்டியில் இதே மலையைப் பலமுறை ஏறிவிட்டேன். காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, புகைக்குழாயில் எஞ்சிய ஆக்சிஜனை இன்னொன்று பார்க்கிறது, இசியு என்ற இன்ஜின் கணினி அதற்கேற்ப ஒவ்வொரு நொடியும் பெட்ரோலைக் குறைத்தும் கூட்டியும் விடுகிறது. மலை ஏறியதே இன்ஜினுக்குத் தெரியாத மாதிரி இருக்கும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்த இடத்தில் இன்று பதினாறு கிடைக்கிறது. காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் போர்ட்டிகோ முழுக்கப் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். அதுவும் இப்போது இல்லை. அந்தப் புகையைச் சுவாசித்த காலத்தை நினைத்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏர்பேக் கிடையாது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். ஒரு மழை இரவில் அன்னூர் பக்கம் டிராக்டர் ட்ரெய்லர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருந்தது. பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி சொன்னபடி திரும்பியது. பத்மினியாக இருந்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் போயிருக்கும். அதே ஏபிஎஸ் கணினிக்காகவே புது வண்டிக்கு என் ஓட்டு.

ஆனால் 2023-இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பத்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் டாஷ்போர்டில் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லா விளக்கும் எரிகிறது. எப்படியோ கிளம்பி, அவிநாசி ரோட்டில் நட்டநடுவே நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே என்ன பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. பத்மினியில் இருபது வருடம் கற்றது எதுவும் அங்கே உதவவில்லை.

டோ வண்டி வந்து தூக்கிப்போனது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள், பழுதைக் குறிக்கும் ஒரு கோட் வந்தது, அதைப் பார்த்து இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். நான்கு நாள், 7,800 ரூபாய். மூன்று வாரத்தில் மறுபடியும் அதேபோல் எல்லா விளக்கும் எரிந்தது. இந்தமுறை பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம் அந்தக் கம்பெனி ஸ்கேனர் கிடையாது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "போல்ட்டு பச்சை பூத்துக் கெடக்குது பாருங்க தம்பி, எர்த்தே பிடிக்கல" என்றார். கழற்றி, தேய்த்து, முறுக்கி மாட்டினார். அதற்கப்புறம் இன்றுவரை அந்தத் தொல்லை வரவில்லை.

இதில் கணினியின்மேல் தப்பில்லை. எர்த் சரியாகப் பிடிக்காமல் மின்னழுத்தம் இறங்கினால், வண்டியிலுள்ள ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டும் (சின்னக் கணினியும்) தனக்கு வர வேண்டிய சிக்னல் வரவில்லை என்று பதிவு செய்யும். எந்த இடத்துச் சிக்னல் அறுந்தது என்பதை மட்டும்தான் கோட் சொல்லும். ஏன் அறுந்தது என்று தேடுவது மனிதன் வேலை. கோட் எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதை மாற்றிவிட்டுப் பில் போடுவது எளிது, அவ்வளவுதான். வோல்ட்மீட்டரை வைத்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் எனக்கு 7,800 மிச்சம்.

அதன்பிறகு, வண்டியின் கணினியில் பதிவான கோடுகளைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் கோடுகளைப் போனிலேயே படிக்கலாம். ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ், சாவி சம்பந்தப்பட்டவற்றில் பலதும் இந்த விலைமலிவுக் கருவிக்குத் திறப்பதில்லை. அதற்குக் கம்பெனி மென்பொருள் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வண்டி என்ன சொல்கிறது என்பதை நான் படிக்க முடியாமல் இருப்பது நியாயமே இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது; அதில் வாகனங்களும் உண்டு. அது சட்டமாகி, வயரிங் படமும் ஸ்கேனர் மென்பொருளும் நியாயமான விலையில் தெருமுனை மெக்கானிக்குக்குக் கிடைக்க வேண்டும். வயரை ஆட்டிப் பார்த்தே கண்டுபிடித்தவர் கையில் அந்தக் கருவியும் இருந்தால் எவ்வளவு வேலை செய்வார்!

இப்போது சர்வீஸுக்கு விடும்போது, பாகம் மாற்றும் முன் கோடுகளின் பிரிண்ட் வேண்டும், பழைய பாகத்தைக் கையில் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே (சர்வீஸ் சென்டரின் வேலைச்சீட்டில்) எழுதச் சொல்கிறேன். ஒருவாரத்துக்கு மேல் வண்டி எடுக்காவிட்டால், கிளம்பும் முன் பேட்டரி வோல்டேஜ் பார்க்கிறேன். நிறுத்தி வைத்த வண்டியில் 12.4-க்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றது.

பத்மினி பொள்ளாச்சியில் மச்சான் தோட்டத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஓட்டுகிறார். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்தபிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி மெத்துமெத்தென்று ஆகிவிட்டன. போன மாதம் இருவருமாக உட்கார்ந்து டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை ஹோஸையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு மட்டும் பாக்கி. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கேட்டு வைத்திருக்கிறேன்.